தேசிக்கன்றும் ஒரு பழைய நுளம்பு வலையும்

வெள்ளவத்தைத் தொடர்மாடிக்காரருக்கு மண்ணும் காசு கொடுத்து வாங்க வேண்டிய சாமான்தான். அப்படியொரு வீட்டின் மூன்றாம் மாடிப் பல்கனியில், மூன்றாம் ஆண்டு படிக்கிற என் அக்காவின் மகனோடு சேர்ந்து வண்ணத்துப்பூச்சி வளர்த்தபோது எழுதி வைத்த குறிப்புகள் இவை. எந்தச் செடி வைப்பது, வலைக்கூடு எப்படிக் கட்டுவது, எது சாகும், ஏன் சாகும் என்பதெல்லாம் இதில் இருக்கிறது. இதே வயதில் பிள்ளை உள்ளவர்கள் இதைப் பார்த்துச் செய்யலாம்.

தொடங்கக் காரணம் அவனுடைய சுற்றாடல் கொப்பி. முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி என்று நாலு பெட்டி போட்டு, அம்புக்குறி வைத்து, நிறம் தீட்டி, ரீச்சரிடம் சரியும் வாங்கியிருந்தான். படத்தில் முட்டையும் வண்ணத்துப்பூச்சியும் ஒரே அளவு. "உண்மையிலேயே முட்டை எவ்வளவு பெரிசு?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "காகத்தின்ர முட்டை அளவு இருக்கும்" என்றான்.

பிள்ளைகளுக்கு இயற்கையைக் காட்டக் கொழும்பில் இடத்துக்குப் பஞ்சமில்லை. விகாரமகாதேவி பூங்கா இருக்கிறது, கோட்டேயில் பெத்தகான ஈரநிலப் பூங்கா இருக்கிறது, தலவத்துகொடவில் தியசரு பூங்கா இருக்கிறது. 2018இல் ஈரநிலங்களைக் காக்கிற சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் முதன்முதலாக ஈரநில நகரங்கள் என்று அங்கீகரித்த 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. நாங்களும் அங்கெல்லாம் போகிறவர்கள்தான். ஆனால் அங்கே பிள்ளை வெறும் பார்வையாளன். அவன் போகாத ஞாயிற்றுக்கிழமையில் எந்தக் கபரகொய்யாவும் (நீர் உடும்பு) பட்டினி கிடக்காது. வீட்டில் ஒரு புழு இருந்தால் கதை வேறு: காலையில் ஸ்கூல் வான் ஹோர்ன் அடிக்குமுன் அவன்தான் அதற்கு இலை வைத்தாக வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பொறுப்பு.

சரி, செடி. தேசிதான் சுலபம். கறுப்பில் இளமஞ்சள் புள்ளிகளும் பின்சிறகில் ஒரு சிவப்புப் பொட்டுமாகக் கொழும்பு முழுக்கப் பறக்கிற பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். லைம் பட்டர்ஃப்ளை என்பார்கள். நான் அதைத் தேசிப்பூச்சி என்றே எழுதுகிறேன். தேசி, தோடை, கறிவேப்பிலை, விளா, வில்வம் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம், அதன் புழுவுக்கு இவைதான் சாப்பாடு. இலங்கையில் 240க்கு மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் புழுக்கள் தமக்குரிய சில செடிகளைத் தவிர வேறு எதையும் தொடமாட்டா. அதனால் வலையைத் தூக்கிக்கொண்டு பூச்சியைத் துரத்த வேண்டியதில்லை. செடியை வைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும்.

காத்திருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நாற்றுமேடையில் பளபளவென்று நிற்கிற கன்றில் பெரும்பாலும் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். நாங்கள் வாங்கி வந்த முதல் கன்றில் பொரித்த புழுக்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன. இலைக்குள் இறங்கிய மருந்தைக் கழுவி எடுக்க முடியாது. புதுத் துளிர் வரும்வரை அந்தச் செடியை ஒதுக்கி வைக்க வேண்டும். ஒரு மாதமாவது தேவை என்பது என் கணக்கு. அவசரமில்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி சமையலறையிலேயே இருக்கிறது. தேசிக்காய் பிழிந்த பிறகு கிடைக்கிற விதையைக் காயவிடாமல் ஈரமாகவே ஊன்றினால் இரண்டு மூன்று கிழமையில் முளைத்துவிடும். விதைக்கன்று காய்க்க வருடக்கணக்காகும். புழுவுக்கு வேண்டியது இலைதானே. செம்மண்ணும் தும்புத்தூளும் கலந்து ஒரு பழைய பெயின்ட் வாளியில் வைத்தோம். அடியில் ஓட்டை முக்கியம். கடல் பக்கம் பார்த்த பல்கனி என்றால் உப்புக்காற்றில் துளிர் கருகும். சாடியைச் சுவரோரமாக வையுங்கள்.

கொழும்புக்கே உரிய இன்னொரு விஷயம், சாடிக்குக் கீழே தட்டு. தட்டில் தேங்குகிற தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து குடம்பியைக் கண்டால் வழக்குப் போடலாம், அதற்கு 2007ஆம் ஆண்டிலிருந்து சட்டமே இருக்கிறது. தட்டில் மணலை நிரப்பிவிட்டால் வழிகிற தண்ணீரை அது குடித்துக்கொள்ளும். டெங்குக்குப் புகை அடிக்கிற நாளில் வலைக்கூட்டை உள்ளே எடுத்துக் கதவையும் ஜன்னலையும் சாத்த வேண்டும். நுளம்பைக் கொல்கிற புகை புழுவையும் விடாது. எங்கள் காவலாளி அண்ணரிடம் முதலே சொல்லி வைத்தோம். அவர் லிஃப்டில் பார்க்கிற எல்லோரிடமும் "மூண்டாம் மாடியில புழு வளர்க்கினம்" என்று சொல்லிவிட்டார். அதன் பலனாக அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள்.

தாய்ப்பூச்சி முட்டையிடுவதை ஒருமுறையாவது பிள்ளை பார்க்க வேண்டும். நல்ல வெயிலில் வரும். துளிரில் இறங்கி முன்காலால் இலையைத் தட்டும். காலில் இருக்கிற உணர்முனைகளால் இலையைச் சுவைத்து, இது தன் பிள்ளைக்குச் சரிப்பட்டு வருமா என்று பார்க்கிறது. இதைச் சொன்னபோது அவன், "அப்ப செருப்புப் போட்டா அதுக்கு ருசி தெரியாதா?" என்று கேட்டான். சரியென்று பட்டால் வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த துளிருக்குப் போகும். முட்டை இளமஞ்சள் நிறம், குண்டூசித் தலை அளவு. காகத்தின் முட்டைக் கதை அந்த இடத்திலேயே முடிந்தது.

இனி வலைக்கூடு. சில்லறைக் காசில் முடித்தோம். தேவைப்பட்டவை: கம்பி உடுப்புக் கொழுவி இரண்டு, கிழிந்து போன வெள்ளை நுளம்பு வலை, உடுப்புக் கிளிப், தையல் நூல், ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டு. கொழுவியின் கொக்கியை வெட்டிவிட்டுக் கம்பியை நிமிர்த்தி 30 சென்ரிமீற்றர் அகல வளையமாக வளைக்க வேண்டும். இது பெரியவர் வேலை, கம்பி முனை கையைக் கிழிக்கும். வலை எவ்வளவு நீளம் வேண்டும் என்று கண்டுபிடிப்பதை அவனிடம் விட்டேன். அடிமட்டத்தை வளையத்தின்மேல் வளைக்கப் பார்த்தான், முடியவில்லை. பிறகு நூலை வளையத்தைச் சுற்றிப் பிடித்து, அதை நிமிர்த்தி அளந்து, 94 என்று வந்து சொன்னான். தையலுக்கும் சேர்த்து ஒரு மீற்றர் வெட்டினோம். அகலத்தைப்போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் கூட என்பதை அவனே கண்டுபிடித்து, அன்று முழுக்க வீட்டிலிருந்த பேணி, சட்டி, வாளியெல்லாவற்றையும் நூலால் சுற்றிக்கொண்டு திரிந்தான். பாடப் புத்தகம் அவனை அங்கே கொண்டுபோக இன்னும் சில வருடம் ஆகும்.

வலையை இரண்டு வளையத்திலும் சுற்றித் தைத்து, மேல் பக்கத்தை வலையாலேயே மூடி, கீழே தட்டை வைத்துக் கட்டினால் 60 சென்ரிமீற்றர் உயரக் கூடு தயார். பக்கத் தையலில் ஒரு சாண் நீளத்தைத் தைக்காமல் விட்டுக் கிளிப் போட்டால் அதுதான் வாசல். உயரத்தைக் குறைக்காதீர்கள். பூச்சி வெளியே வந்ததும் எதையாவது பிடித்துத் தொங்கினால்தான் சிறகு கீழ்நோக்கி விரியும். கண்ணாடிப் போத்தலிலும் வழுவழுப்பான பிளாஸ்டிக் பெட்டியிலும் அதனால் ஏற முடியாது. ஏற முடியாத பூச்சியின் சிறகு மடிந்தபடியே காய்ந்து போகும், பிறகு அதை யாராலும் சரிசெய்ய இயலாது. வலைச்சுவரில் காலைக் கோர்த்துக்கொண்டு ஏறிவிடும்.

கூட்டை உடுப்புக் காயப்போடுகிற கொடியில் தொங்கவிட்டு, தொங்கும் கயிற்றில் ஒரு விரலளவுக்கு வஸ்லீன் களிம்பு பூசினோம். எறும்புக்கு அந்தத் தடை போதும். முன்பெல்லாம் இறைச்சி அலுமாரியின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பார்களே, அந்த வேலை இங்கே ஆகாது, மறுபடி நுளம்பு.

சாப்பாட்டுக்குத் தேசிக் கொப்பை ஒரு சின்ன மருந்துப் போத்தல் தண்ணீரில் குத்தி வைத்தோம். போத்தல் வாயைப் பஞ்சால் இறுக்கி அடையுங்கள். புழு தண்டு வழியே கீழிறங்கித் தண்ணீரில் மூழ்கிவிடும், சிறிதும் யோசிக்காத பிராணி. பஞ்சு இருந்தால் நுளம்பும் உள்ளே போகாது.

முட்டை மூன்று நாலு நாளில் பொரிக்கும். முதல் சாப்பாடு முட்டைக்கோது. அதன் பிறகு வருகிற சில நாட்களில் பார்ப்பவர்கள் "இலையில காகம் எச்சம் போட்டிருக்கு" என்பார்கள். கபிலமும் வெள்ளையுமாக அச்சொட்டாக அப்படித்தான் இருக்கும். பறவைகளை ஏமாற்ற அது போடுகிற வேஷம் அம்மம்மாவையும் ஏமாற்றியது. துடைக்கத் துணியோடு வந்தவரை இவன் கத்தி நிறுத்தினான். புழு நாலு தரம் தோல் கழற்றும். கடைசித் தோலில் முழுப் பச்சை, உடம்பில் கபிலப் பட்டி, நாலு சென்ரிமீற்றர் வரை நீளம். மயிர் கிடையாது, தொட்டால் அரிக்காது. ஆனால் முருங்கையில் வருகிற மயிர்க்கொட்டி வேறு சாதி. அதைத் தொடக்கூடாது என்பதை அடுத்த வீட்டுச் சின்னவர்களுக்கு முதலிலேயே காட்டிக் கொடுத்துவிடுங்கள்.

பென்சிலால் மெதுவாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு கொம்பு வெளியே நீளும். கூடவே ஒரு மணம், அழுகின தோடம்பழமும் புளித்த பாலும் சேர்ந்தது மாதிரி. எறும்பையும் குளவியையும் விரட்டுகிற ஆயுதம் அது. ஒருதரம் பார்த்தால் போதும் என்று கட்டளை போட்டேன். ஒவ்வொரு முறையும் அதை நீட்டப் புழுவுக்குச் செலவாகும். வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் ஒவ்வொரு முறை காட்டினால் புழு வளர்வது எப்படி?

கொப்பியில் எழுதுவதற்கு நான் போட்ட விதி ஒன்றுதான். போனைப் பார்த்து வரையக்கூடாது, கூட்டைப் பார்த்து வரைய வேண்டும். காலையில் நீளம் அளந்து சதுரக் கொப்பியில் ஒரு புள்ளி. ஊர்கிற புழுவை அடிமட்டத்தில் வைக்க முடியாது, பக்கத்தில் ஈர்க்குத் துண்டைப் பிடித்து நகத்தால் குறித்துவிட்டு ஈர்க்கை அளந்தான். புள்ளிகள் ஏறிக்கொண்டு போய் இடையில் ஒரு நாள் அப்படியே நிற்கும். தோல் கழற்றுவதற்கு முன்னால் புழு சாப்பிடாது, அசையாது. முதல்முறை அப்படி நின்றபோது, "சித்தி, செத்துப்போச்சு" என்று முகம் சிறுத்துவிட்டது. பொறு என்று மட்டும் சொன்னேன். மறுநாள் பழைய தோல் பின்னால் சுருங்கிக் கிடந்தது. அடுத்த முறை வரைபு நின்றபோது அவனே அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு, "அது உடுப்பு மாத்தப்போகுது, தொடாத" என்று விளக்கிக்கொண்டிருந்தான்.

தட்டில் விரிக்கிற பத்திரிகைத் தாளும் நல்ல ஆசிரியர். விழுகிற எச்சம் முதலில் மிளகாய்த் தூள் மாதிரி இருந்து, பிறகு மிளகளவுக்கு வரும். புழு வளர்வதை அதை வைத்தே சொல்லலாம். தாளைத் தினமும் மாற்ற வேண்டும், ஈர எச்சத்தில் பூஞ்சணம் பிடித்தால் நோய் வரும். அள்ளியதைத் திரும்பத் தேசிச்சாடியிலேயே போட்டோம். ஒரு சிறு கன்றுக்கு நாலைந்து புழுவுக்கு மேல் வேண்டாம். கடைசி நாட்களில் அவை தின்கிற வேகத்தில் கன்று மொட்டையாகிவிடும். மிச்ச முட்டைகளைச் செடியிலேயே விட்டோம், பெரும்பாலானவற்றை எறும்பும் சிலந்தியும் எடுத்துக்கொண்டன. வலைக்குள் இருந்தவற்றையும் வெளியே இருந்தவற்றையும் எண்ணி ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் அதுவே தனிப் பாடம்.

கூடு கட்டப் போகிற புழுவுக்குத் திடீரென்று வயிற்றால் போகும். பச்சையாக, தண்ணியாக ஒரு கழிவு. வயிறு காலியானதும் தன் செடியைவிட்டு இறங்கி வெறிபிடித்தது போல ஓடித் திரியும். வாசல் கிளிப்பைச் சரிபார்க்க வேண்டிய நேரம் இதுதான். எங்களிடமிருந்து ஒன்று தப்பி அக்காவின் புத்தக அலுமாரிக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது. பூச்சியாகி ரியூப் லைட்டைச் சுற்றியபோதுதான் எங்களுக்கே தெரியும். இடம் பிடித்ததும் வால் முனையை ஒரு பட்டுத் திட்டில் ஊன்றி, இடுப்பைச் சுற்றி ஒரு நூலும் கட்டிக்கொள்ளும், தென்னை ஏறுகிறவர் இடுப்புக் கயிற்றில் சாய்ந்து நிற்பது போல. அடுத்த நாள் கடைசித் தோலும் கழன்றுவிடும்.

கூட்டுப்புழுவின் நிறம் இடத்தைப் பொறுத்து மாறும் என்பதால், பச்சைக் கொப்பும் காய்ந்த குச்சியும் இரண்டும் வைத்துப் பார்த்தோம். குச்சியில் கட்டியது மரப்பட்டை நிறம், இலை நடுவில் கட்டியது பச்சை. வெள்ளை வலையில் கட்டிய ஒன்று வெள்ளையாக வரும் என்று இவன் பந்தயம் கட்டினான். பச்சையாகத்தான் வந்தது. பூச்சியிடம் இருக்கிற நிறங்கள் பச்சையும் கபிலமும்தான். அதற்குள்தான் அது தேர்ந்தெடுக்க முடியும்.

எல்லாக் கூட்டுப்புழுவும் பூச்சியாகாது. ஒன்று கறுத்துக்கொண்டே போய், ஒரு பின்னேரம் குண்டூசியால் குத்தியது போன்ற ஓட்டை விழுந்து, உள்ளிருந்து நுளம்பைவிடச் சின்னக் குளவிகள் வரிசையாக வெளியே வந்தன. கூட்டுப்புழு தோல் கழற்றி மென்மையாக இருக்கிற நேரத்தில் தாய்க்குளவி வந்து முட்டையிட்டிருக்கும். நுளம்பு வலையின் கண் இலையானையும் பெரிய குளவியையும் தடுக்கும், இந்தப் பொடிக் குளவியைத் தடுக்காது. அவன் அழுதான், குளவிகளை நசுக்கலாம் என்றான். அக்கா ஏதாவது சமாதானம் சொல்லு என்று என்னைப் பார்த்தாள். எனக்குச் சமாதானம் சொல்ல விருப்பமில்லை. "இந்தக் குளவி இல்லாட்டி தேசித் தோட்டக்காரர் எல்லாருக்கும் மருந்துதான் அடிக்க வேணும்" என்று உள்ளதைச் சொன்னேன். கொப்பியில் அன்றைக்கு அவன் கூட்டுப்புழுவிலிருந்து இரண்டு அம்புக்குறி போட்டிருந்தான். ஒன்று பூச்சிக்கு, ஒன்று குளவிக்கு. எந்தப் புத்தகத்திலும் அந்த வட்டத்தை நான் பார்த்ததில்லை.

தப்பியவை எட்டுப் பத்து நாளில் வெளிவரும். அதற்கு முந்தின நாளே கூட்டின் தோல் வழியாகச் சிறகின் மஞ்சள் புள்ளி தெரியும். வெளிவருவது அதிகாலையில், அதாவது பள்ளிக்கூட அவசரத்தில். ஒரு வெள்ளிக்கிழமை இரவு புள்ளி தெரிந்தது அதிர்ஷ்டம். வந்தது சுருங்கின சிறகோடு வலையில் ஏறித் தொங்கியது. உடம்பிலிருக்கிற திரவத்தைச் சிறகு நரம்புக்குள் தள்ளித் தள்ளி அதை விரித்தது. செங்கபில நிறத்தில் ஒரு துளி கீழே விழும். அது இரத்தமில்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. உறிஞ்சு குழலும் பிறக்கும்போது இரண்டு பாதியாகத்தான் இருக்கும். சுருட்டியும் நிமிர்த்தியும் அதைப் பூச்சியே ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். இதைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். சிறகு இறுக இரண்டு மணித்தியாலமாவது எடுக்கும், அதற்குள் கை வைக்கக்கூடாது. வெயில் ஏறியதும் வாசலைத் திறந்துவிட்டோம். மழை நாளாக இருந்தால் ஒரு நாள் வைத்திருக்கலாம், பஞ்சில் மெல்லிய சீனித் தண்ணீர் தொட்டு வைத்தால் குடிக்கும்.

அம்மம்மாவின் கறிவேப்பிலைச் சாடியிலிருந்து பேச்சுவார்த்தை நடத்தி எடுத்த புழு ஒன்று எங்களை ஏமாற்றியது. இவன் மஞ்சள் புள்ளியை எதிர்பார்த்து நிற்க, முழுக் கறுப்பில் பின்சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசையும் குட்டி வாலுமாக வேறொரு பூச்சி வந்தது. கொமன் மோர்மன், அதில் ஆண். இரண்டு புழுவும் பச்சையாக இருக்கும்போது பிரித்தறிவது கடினம். தன் பழைய படங்களைப் புரட்டி எங்கே வித்தியாசம் இருந்தது என்று அவன் தேடியது, வரைந்து வைத்திருந்ததால்தான் முடிந்தது.

அதற்குப் பிறகு பெத்தகானவுக்குப் போனபோது பலகைப் பாதையில் எல்லோரும் கபரகொய்யாவைப் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஆள் குந்தியிருந்து இலைகளைத் திருப்பித் திருப்பி அடிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். மெதுவாகத்தான் நடக்க முடிந்தது.

ரீச்சர் கேட்டதால் கடைசிக் கூட்டுப்புழு வகுப்புக்குப் போனது. கொண்டுபோகிறவர்களுக்கு: குச்சியோடு சேர்த்தே எடுங்கள், பட்டு நூலை அறுக்காதீர்கள். நூல் அறுந்துவிட்டால் தையல் நூலால் இடுப்பில் ஒரு தளர்ந்த தடம் போட்டு, தலை மேலே இருக்கும்படி ஒரு மட்டையில் சாய்த்துக் கட்டலாம். ஸ்கூல் வானில் மடியில் வைத்துப் போக வேண்டும், யன்னலோர வெயிலில் வைக்கக்கூடாது. சனி, ஞாயிறில் வெளிவந்தால் திறந்துவிட ஆளில்லை, ஆகவே புள்ளி தெரிந்தால் வெள்ளிக்கிழமை வீட்டுக்குத் திரும்ப வரவேண்டும் என்று ஒரு துண்டில் எழுதிக் கூட்டின் வாசலில் கிளிப் போட்டு அனுப்பினான். எழுத்துப்பிழை இரண்டு இருந்தது. ரீச்சர் சிவப்புப் பேனையால் திருத்திவிட்டுத்தான் கூட்டை வாங்கினாராம்.